சனி ஞாயிறில் பக்கவாதம் வந்தால்: பினாங்கில் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

முப்பது வருஷத்துக்கும் மேல் மெடிக்கல் வார்டில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் மண்டபத்தில் பிரஷர் பார்க்கும் முகாமில் உட்காருகிறேன். கையில் பட்டையைச் சுற்றி முடிப்பதற்குள் கேள்வி வந்துவிடும். அதில் பாதிக்கு மேல் பக்கவாதத்தைப் பற்றியும், "லீவு நாளில் வந்தால் என்ன செய்வது" என்ற பயத்தைப் பற்றியும்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருந்ததை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகள் கேட்டவர்களின் வாயிலிருந்து வந்தபடியே இருக்கின்றன.

சிஸ்டர், பக்கவாதம், ஸ்ட்ரோக், அங்கின் அஹ்மார், இது மூணும் ஒண்ணுதானா?

ஒன்றுதான், அங்கின் அஹ்மார் என்பது மலாய்ப் பெயர். மூளையின் ஒரு பகுதிக்குப் போகும் ரத்தம் திடீரென்று நின்றுபோவது. ஐந்து பேரில் நான்கு பேர் அளவுக்கு, ரத்தக் கட்டி ஒன்று குழாயை அடைத்துக்கொள்வதால் வருகிறது. மிச்சப் பேருக்குக் குழாய் வெடித்து மூளைக்குள் ரத்தம் கசிவதால் வருகிறது. வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும், சி.டி. ஸ்கேன் எடுக்காமல் எவ்வளவு பெரிய நிபுணராலும் அடைப்பா கசிவா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே பல பதில்கள் இந்த ஸ்கேனில்தான் வந்து நிற்கும்.

எப்படித்தான் கண்டுபிடிக்கிறது? எங்க மாமாவுக்கு வலியே இல்லையே

வலி இல்லாததுதான் பலரை ஏமாற்றுகிறது. சிரிக்கச் சொல்லுங்கள், வாய் ஒரு பக்கம் கோணுகிறதா பாருங்கள். இரண்டு கையையும் தூக்கச் சொல்லுங்கள், ஒரு கை தானாக இறங்குகிறதா பாருங்கள். ஒரு வாக்கியம் பேசச் சொல்லுங்கள், நாக்குக் குழறுகிறதா, சம்பந்தமில்லாமல் பேசுகிறாரா கவனியுங்கள். இதில் ஒன்று இருந்தாலே போதும், கிளம்ப வேண்டியதுதான். திடீரென்று ஒரு கண் தெரியாமல் போவது, நிற்க முடியாமல் தள்ளாடுவது, வாழ்க்கையில் வந்திராத அளவு மண்டை வெடிக்கும் தலைவலி, இவையும் இதே கணக்கில்தான் வரும்.

அப்புறம் மணியைப் பாருங்கள். அவர் கடைசியாக நன்றாக இருந்ததை நீங்கள் பார்த்தது எத்தனை மணிக்கு? அதைக் கையில் எழுதிக்கொண்டாவது போங்கள். ஆஸ்பத்திரியில் முதலில் கேட்பது இதைத்தான், பதற்றத்தில் நிறையப் பேருக்கு மறந்துபோகிறது.

சனிக்கிழமை வந்தா பெரிய டாக்டருங்க யாரும் இருக்க மாட்டாங்களாமே, திங்கக்கிழமை காலையில கூட்டிட்டுப் போனா நல்லா பார்ப்பாங்கல்ல?

வேண்டாம், தயவுசெய்து இந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள். நான் வேலை பார்த்த காலத்தில் ஒரு பெரியவரைத் திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குச் சக்கர நாற்காலியில் கொண்டு வந்தார்கள். சனிக்கிழமை மாலை உறவுக்காரர் கல்யாணத்தில் சாப்பிட உட்கார்ந்தபோது வலது கை இலையில் விழுந்திருக்கிறது. "லீவு நாளில் ஆஸ்பத்திரியில் யார் இருப்பார்கள், திங்கட்கிழமை போனால் ஸ்பெஷலிஸ்டே பார்ப்பார்" என்று வீட்டில் படுக்க வைத்துவிட்டார்கள். அக்கறையோடு எடுத்த முடிவுதான், அன்பில் குறையே இல்லை. ஆனால் திங்கட்கிழமை அவர் வந்தபோது அடைப்பைக் கரைக்க எங்களால் செய்ய முடிந்தது ஒன்றுமே இல்லாமல் போயிருந்தது. அவருடைய மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு "சனிக்கிழமையே வந்திருந்தா?" என்று கேட்டாள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததற்கு அந்தக் கேள்வியும் ஒரு காரணம்.

லீவு நாளில் மூடியிருப்பது கிளினிக்கும் அப்பாயின்ட்மென்ட் கவுன்டரும்தான். பெரிய அரசாங்க மருத்துவமனைகளின் அவசரப் பிரிவு வருஷத்தில் எல்லா நாளும், எல்லா மணி நேரமும் திறந்திருக்கும், ஸ்கேனும் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் முதல் மணி நேரத்தில் வருபவருக்குக் கிடைப்பது, திங்கட்கிழமை வருபவருக்கு எந்த நிபுணர் இருந்தாலும் கிடைக்காது.

அப்படி என்ன அவசரம்? அந்த ஊசிக்கு எத்தனை மணி நேரம்?

பெரிய குழாய் அடைத்துக்கொண்டால் நிமிஷத்துக்கு ஏறத்தாழ 19 லட்சம் நரம்பு செல்கள் சாகின்றன என்று கணக்கிட்டிருக்கிறார்கள். கட்டியைக் கரைக்கும் ஊசி மருந்து அல்டிப்ளேஸ். 1995இல் அமெரிக்காவில் நடந்த ஆய்வு மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால் பலன் உண்டு என்று காட்டியது, 2008இல் ஐரோப்பிய ஆய்வு அதை நாலரை மணி நேரமாக நீட்டியது.

இங்கேதான் ஒரு தவறான புரிதல் வருகிறது. நாலரை மணி என்றால் நாலு மணி வரை நிதானமாக இருக்கலாம் என்று அர்த்தமில்லை. ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்தபோது, மூன்று மணி நேரத்துக்குள் ஊசி போட்ட 100 பேரில் கூடுதலாகப் பத்துப் பேர் ஏறக்குறைய ஊனமே இல்லாமல் எழுந்தார்கள். மூன்றிலிருந்து நாலரை மணிக்குள் போட்டபோது அந்தக் கூடுதல் ஐந்து பேராகக் குறைந்துவிட்டது. வீட்டில் கலந்து பேசும் ஒரு மணி நேரத்துக்கு இதுதான் விலை.

இன்னொரு வழியும் இருக்கிறது. தொடையிலோ மணிக்கட்டிலோ உள்ள ரத்தக் குழாய் வழியாக மெல்லிய குழாயை மூளை வரை கொண்டுபோய்க் கட்டியை அப்படியே வெளியே இழுப்பது. 2015இல் வந்த ஆய்வுகளுக்குப் பிறகு இது உறுதியான சிகிச்சையாகிவிட்டது, ஸ்கேனில் மூளை இன்னும் பிழைக்கும் நிலையில் இருக்கிறது என்று தெரிந்தால் சிலருக்கு 24 மணி நேரம் வரைகூடச் செய்கிறார்கள். ஆனால் இதற்குத் தனியாகப் பயிற்சி பெற்ற குழு வேண்டும், எல்லா இடத்திலும் கிடையாது.

விரல் நுனியில ஊசியால குத்தி ரத்தம் எடுத்தா சரியாயிடும்னு வாட்ஸ்அப்ல வந்துச்சே. ஆஸ்பிரின் ஒண்ணு கொடுக்கலாமா?

விரலில் குத்துவதால் மூளையில் உள்ள அடைப்பு திறக்காது, நேரம்தான் போகும். காது மடலில் குத்துவதும், எண்ணெய் போட்டு உருவுவதும், உருட் (மலாய் மசாஜ்) செய்பவரை வீட்டுக்கு வரவழைப்பதும் இதே கதைதான். ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது. முதல் பதிலில் சொன்னேனே, அடைப்பா கசிவா என்று ஸ்கேன் இல்லாமல் தெரியாது. கசிவாக இருந்தால் ஆஸ்பிரின் அதை அதிகமாக்கிவிடலாம். வாயில் தண்ணீர்கூட ஊற்றாதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டுப் போனை எடுங்கள்.

ஆம்புலன்ஸ் வர்றதுக்குள்ள நானே கார்ல ஏத்திட்டுப் போயிடலாமா?

முதலில் 999. மறுமுனையில் மலாயில் பேசுவார்கள், பதறாமல் மூன்று விஷயம் சொன்னால் போதும்: "முலுட் செங்கெட்", வாய் கோணியிருக்கிறது. "தாங்ஙான் லெமாஹ்", கை பலமில்லை. அப்புறம் எத்தனை மணிக்கு ஆரம்பித்தது. "பெங்சான்", மயக்கம், என்று மட்டும் சொல்லாதீர்கள், அப்போது அவர்கள் வேறு மாதிரி நினைத்துக்கொள்வார்கள். ஆம்புலன்ஸில் போவதன் பெரிய லாபம் வேகம் இல்லை, முன்கூட்டியே ஆஸ்பத்திரிக்குத் தகவல் போவதுதான். நீங்கள் வாசலில் இறங்கும்போது ஸ்கேன் அறை தயாராக இருக்கும், லீவு நாளில் ஆட்கள் குறைவாக இருக்கும்போது இது இன்னும் பெரிய உதவி.

வண்டி வர ரொம்ப நேரமாகும் என்று அவர்களே சொன்னால், நோயாளி சுயநினைவோடு இருந்தால், காரில் கிளம்பிவிடுங்கள். அப்போது ஒருவர் ஓட்ட, இன்னொருவர் பின்னால் நோயாளியோடு உட்கார்ந்து வாந்தி எடுத்தால் பக்கவாட்டில் திருப்பிவிட வேண்டும். அவசரப் பிரிவு வாசலில் வரிசையில் நின்று நம்பர் எடுக்காதீர்கள், நேராகப் போய் "ஸ்ட்ரோக்" என்று சத்தமாகச் சொல்லுங்கள்.

பக்கத்துல கிளினிக் ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கு, முதல்ல அங்க காட்டிட்டுப் போகலாமா?

கிளினிக் டாக்டர் என்ன செய்வார்? பிரஷர் பார்ப்பார், கடிதம் எழுதிக் கொடுப்பார். இருபது நிமிஷம் போய்விடும். ஸ்கேன் இல்லாத இடத்துக்குப் போகவே வேண்டாம். தீவில் இருப்பவர்களுக்கு ஜாலான் ரெசிடென்சியில் உள்ள பினாங்கு பொது மருத்துவமனை. பெருநிலத்தில் பட்டர்வொர்த், பிறை பக்கம் இருப்பவர்களுக்கு செபராங் ஜெயா மருத்துவமனை. பாலேக் பூலாவ் மாதிரி மலைப்பாதையில் வர வேண்டியவர்களும் நிபோங் தெபால் பக்கம் தோட்டங்களில் இருப்பவர்களும் உடம்பு நன்றாக இருக்கிற நாளிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்: நமக்குப் பக்கத்தில் 24 மணி நேரமும் சி.டி. ஸ்கேனும் இந்த ஊசியும் எங்கே இருக்கிறது? பாலத்தைக் கடக்க வேண்டுமா?

கூலிம், சுங்கை பட்டாணியில் சொந்தக்காரர்கள் இருந்தால் இன்னொன்றும் சொல்லிவிடுங்கள். அந்த ஊர்கள் இருக்கும் கெடா மாநிலத்தில் வார விடுமுறை வெள்ளி, சனி. அங்கே வெள்ளிக்கிழமை அரசாங்க கிளினிக் மூடியிருக்கும், இங்கிருந்து ஞாயிற்றுக்கிழமை என்று கணக்குப் போட்டு போனில் யோசனை சொன்னால் தப்பாகிவிடும்.

எங்க அம்மாவுக்கு வாய் கோணி பத்து நிமிஷத்துல சரியாயிடுச்சு. இப்ப நல்லா பேசுறாங்க. வெள்ளிக்கிழமை ராத்திரி நடந்தது, திங்கக்கிழமை காட்டுனா பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்லவே மாட்டேன். அது பெரிய பக்கவாதத்துக்கு முன்னால் அடிக்கும் மணி. அடுத்தது வருவதாக இருந்தால் முதல் சில நாட்களில்தான் வரும், அந்த நாட்கள்தான் உங்களுக்குச் சனியும் ஞாயிறுமாக வந்திருக்கின்றன.

2007இல் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து வந்த ஆய்வைப் பற்றி வார்டில் படித்தபோது எனக்கே உடம்பு சிலிர்த்தது. இப்படி வந்துபோன நோயாளிகளை, லேசான பக்கவாதக்காரர்களையும், தாமதமில்லாமல் பார்த்து அன்றே மருந்தைத் தொடங்கியபோது, மூன்று மாதத்துக்குள் மறுபடி பக்கவாதம் வந்தவர்கள் 100க்குப் பத்துப் பேரிலிருந்து இரண்டு பேராகக் குறைந்தார்கள். மருந்துகள் புதியவை இல்லை, எல்லாருக்கும் தெரிந்த சாதாரண மாத்திரைகள்தான், சீக்கிரம் கொடுத்தார்கள், அவ்வளவே. அதனால் அம்மா நன்றாகப் பேசினாலும் அன்று இரவே அவசரப் பிரிவுக்குப் போங்கள். "இப்ப சரியாயிடுச்சு" என்று முதல் வாக்கியமாகச் சொல்லாதீர்கள். நடந்ததை முதலில் சொல்லுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை தூங்கி எழுந்தப்பவே கை வரல. எப்ப ஆரம்பிச்சுச்சுன்னே தெரியாதே?

அப்படியானால் தூங்கப் போன நேரம்தான் கணக்கு. இரவு பதினோரு மணிக்குக் கழிப்பறைக்குப் போகும்போது நன்றாக நடந்தாரா, மூன்று மணிக்கு இருமினபோது பேசினாரா, இதெல்லாம் முக்கியம், வீட்டில் யார் கடைசியாகப் பார்த்தது என்று கேளுங்கள். லீவு நாளில் எல்லாரும் தாமதமாக எழுவதால் இது அதிகம் நடக்கிறது. நேரம் தாண்டிவிட்டது என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள், சில இடங்களில் எம்.ஆர்.ஐ. மாதிரியான ஸ்கேனை வைத்து மூளை எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்துச் சிகிச்சையை முடிவு செய்ய முடியும்.

போன வாரம் ஞாயிற்றுக்கிழமை போனோம். ஒரு ஹவுஸ்மேன் பொண்ணுதான் வந்து பார்த்துச்சு, ஸ்பெஷலிஸ்ட் முகத்தையே காட்டல. இது சரியா?

உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் உள்ளே நடப்பதைச் சொல்கிறேன். இரவிலும் லீவு நாளிலும் முதலில் வருவது ஹவுஸ்மேன் என்ற பயிற்சி டாக்டர், அவருக்கு மேலே மெடிக்கல் ஆபீசர், அவருக்கு மேலே அன்றைய ஆன்-கால் நிபுணர், அதாவது அழைத்தால் பதில் சொல்ல வேண்டிய முறைக்காரர். ஸ்கேன் படம் நிபுணருடைய போனுக்கே போய்விடும், அவர் வீட்டிலிருந்தோ வேறு வார்டிலிருந்தோ பார்த்து ஊசி போடலாமா வேண்டாமா என்று சொல்வார். நம் நாட்டில் நரம்பியல் நிபுணர்கள் குறைவு, இருப்பவர்களிலும் பெரும்பகுதி கோலாலம்பூர் சுற்றுவட்டாரத்தில். அதனால் பொது மருத்துவ நிபுணர்களே பயிற்சி எடுத்து இந்தச் சிகிச்சையைக் கொடுக்கிறார்கள், செபராங் ஜெயாவில் அப்படி நடத்திக் காட்டியிருக்கிறார்கள்.

ஆகவே முகம் தெரிந்ததா என்பதைவிட இரண்டு கேள்வி முக்கியம். ஸ்கேன் எத்தனை நிமிஷத்தில் எடுத்தார்கள்? எடுத்த படத்தை நிபுணர் பார்த்துவிட்டாரா? இந்த இரண்டுக்கும் நேரான பதில் கிடைத்தால் அந்தச் சின்னப் பெண்ணை நம்புங்கள். பதில் கிடைக்கவில்லை என்றால் "இன்னைக்கு ஆன்-கால் ஸ்பெஷலிஸ்ட் யாரு, அவர்கிட்ட சொல்லியாச்சா" என்று மரியாதையாகக் கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

காசு போனா போவுது, பிரைவேட்டுக்கே போயிடலாமா? அங்க லீவு கிடையாதே

கட்டடத்துக்கு லீவு கிடையாது, டாக்டருக்கு உண்டு. நம் ஊர்த் தனியார் மருத்துவமனைகளில் நிபுணர்கள் பெரும்பாலும் அங்கேயே கிளினிக் வைத்து நடத்துபவர்கள், ஞாயிறு இரவு அழைத்தால் வீட்டிலிருந்து வர வேண்டும். சில இடங்களில் மிக நன்றாக நடக்கிறது. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்துக்கு ஓர் இடத்தில் இரண்டு மணி நேரம் காத்திருந்த பிறகு "இங்கே ஊசி போட ஆள் இல்லை, ஜி.எச்.சுக்குப் போங்கள்" என்றார்கள். அந்த இரண்டு மணி நேரத்தின் விலையை மேலே எழுதியிருக்கிறேன்.

அதனால் முன்கூட்டியே போன் செய்து கேளுங்கள்: ஞாயிறு நள்ளிரவில் பக்கவாத ஊசி போடுவீர்களா, கட்டியை இழுத்தெடுக்கும் குழு இருக்கிறதா? "இருக்கு" என்று தெளிவாகச் சொன்னால் சரி. இழுத்துப் பேசினால் அரசாங்க மருத்துவமனை. அப்புறம் காப்புறுதி நிறுவனத்தின் ஜி.எல். (செலவை ஏற்கும் உத்தரவாதக் கடிதம்) வரட்டும் என்று ஸ்கேனை நிறுத்தி வைக்க விடாதீர்கள், காகிதம் பின்னால் வரட்டும்.

எங்க கடையில வேலை செய்யற தம்பி தமிழ்நாட்டுக்காரர். அவருக்கு வந்தா அரசாங்க ஆஸ்பத்திரியில சேர்ப்பாங்களா?

சேர்ப்பார்கள். அவசரப் பிரிவில் முதலில் உயிரைத்தான் பார்ப்பார்கள். குடிமக்களுக்கு இருக்கும் ஒரு ரிங்கிட் கட்டணம் அவருக்குப் பொருந்தாது, வெளிநாட்டவர் கட்டணம் அதிகம், முன்பணமும் கேட்பார்கள். அந்நியத் தொழிலாளர்களுக்கான மருத்துவமனைக் காப்புறுதி இருக்கிறதா என்று முதலாளியாகிய நீங்கள் இன்றைக்கே அலமாரியைத் திறந்து பாருங்கள். பாஸ்போர்ட் நகலும் அதுவும் ஒரே கவரில் கடையில் இருக்கட்டும். தனியாராக இருந்தாலும் உயிர் காக்கும் முதல் சிகிச்சையைத் தர எப்போதும் தயாராக இருக்க வேண்டும் என்று 1998ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது.

ஒரே அறையில் ஆறு பேர் தங்கும் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை இரவு ஒருவனுக்கு வாய் கோணினால் பில்லுக்குப் பயந்து காலை வரை உட்கார்ந்திருப்பார்கள். "எந்த நேரமா இருந்தாலும் என்னைக் கூப்பிடு" என்று அவர்களிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.

தைப்பூசத்தன்னைக்கு ரோடெல்லாம் அடைச்சிருப்பாங்களே, அப்ப?

தண்ணீர்மலைப் பக்கம் கூட்டத்துக்குள் யாருக்காவது வந்தால் தூக்கிக்கொண்டு நடக்கப் பார்க்காதீர்கள். பக்கத்தில் உள்ள முதலுதவிக் கூடாரத்துக்கு ஒருவரை ஓடவிட்டு, இன்னொருவர் 999 அழைத்து எந்தத் தண்ணீர்ப் பந்தல் என்று பெயரைச் சொல்லட்டும், அன்று வீதிப் பெயரைவிடப் பந்தல் பெயர்தான் வேலைக்கு ஆகும். நடந்து களைத்திருக்கிறார், விரதம், வெயில் என்று நினைத்து மோர் கொடுத்து உட்கார வைப்பதுதான் அங்கே நடக்கும் தவறு. மயக்கத்துக்கும் பக்கவாதத்துக்கும் வித்தியாசம் தெரிய இரண்டாவது பதிலில் உள்ள மூன்று சோதனை போதும்.

வார்டுல அப்பாவுக்கு ரெண்டு நாளா ஒரு வாய் தண்ணிகூட கொடுக்க விடலை. சனி ஞாயிறு ஆளில்லாததுனால பட்டினி போட்டுட்டாங்களா?

பாதி சரியான சந்தேகம். பக்கவாதம் வந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு முதல் நாட்களில் விழுங்குவது சரியாக இருக்காது. தண்ணீர் நுரையீரலுக்குப் போய் நிமோனியா வந்துவிடும், பக்கவாதத்தில் பிழைத்து நிமோனியாவில் போனவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால் சோதனை செய்யும் வரை வாயில் எதுவும் கொடுக்கக்கூடாது என்பது சரியான விதி. நைசாகக் காப்பி ஊற்றிக் கொடுக்காதீர்கள், அழுதாலும் கொடுக்காதீர்கள்.

ஆனால் அந்தச் சோதனைக்குத் திங்கட்கிழமை வரும் பேச்சுப் பயிற்சியாளருக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. பயிற்சி பெற்ற நர்ஸ் கட்டில் பக்கத்திலேயே கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கொடுத்துப் பார்க்கலாம். தேறவில்லை என்றால் மூக்கு வழியாகக் குழாய் போட்டு உணவும் மருந்தும் கொடுக்கலாம். எனவே கேள்வியை இப்படிக் கேளுங்கள்: "மிஸ்ஸி, விழுங்குற டெஸ்ட் செஞ்சாச்சா?" நான் பணியில் இருந்தபோது யாராவது இப்படிக் கேட்டால் அந்தக் கட்டிலுக்குத்தான் முதலில் போவேன்.

பிசியோ ஞாயிற்றுக்கிழமை வரலை. ரெண்டு நாள் வீணாப் போச்சே, நாங்களே தூக்கி நடக்க வைக்கலாமா?

நடக்க வைக்காதீர்கள். எவ்வளவு சீக்கிரம் எழுப்புகிறோமோ அவ்வளவு நல்லது என்றுதான் நாங்களும் நம்பியிருந்தோம். 2015இல் வெளியான பெரிய ஆய்வு, முதல் 24 மணி நேரத்திலேயே அதிகமாக எழுப்பி நடக்க வைத்தவர்கள் மூன்று மாதத்தில் மற்றவர்களைவிடக் கொஞ்சம் மோசமாகவே இருந்தார்கள் என்று காட்டியது. முதல் நாள் பிசியோ வராதது பெரிய நஷ்டம் இல்லை.

நஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. இரண்டு மணிக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்காவிட்டால் முதுகில் புண் வரும், வராத கையைத் தொங்கவிட்டால் தோள் வலி மாதக்கணக்கில் நிற்கும். இதில் நீங்கள் உதவலாம். எப்படித் திருப்புவது, கையைத் தலையணை மேல் எப்படி வைப்பது என்று நர்ஸிடம் ஒருமுறை கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். வராத கையைப் பிடித்து இழுத்துத் தூக்குவது மட்டும் கூடவே கூடாது.

உண்மையைச் சொல்லுங்க சிஸ்டர், சனி ஞாயிறு சேர்த்தவங்க அதிகமா செத்துப் போறாங்கன்னு சொல்றது நிஜமா?

கலவையான பதில்தான் இருக்கிறது. 2007இல் கனடாவிலிருந்து வந்த ஆய்வு வார இறுதியில் சேர்ந்தவர்களிடம் இறப்பு சற்று அதிகம் என்றது. 2016இல் இங்கிலாந்து, வேல்ஸில் 74,000க்கும் மேற்பட்ட நோயாளிகளைப் பார்த்த ஆய்வு, விஷயம் சனி ஞாயிறோடு முடிவதில்லை, ஒரே நாளுக்குள் காலை, மாலை, நள்ளிரவு என்றும் கவனிப்பின் தரம் ஏறி இறங்குகிறது என்று காட்டியது. லீவு நாளில் சேருபவர்கள் கொஞ்சம் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களாக இருப்பதும் உண்டு. லேசாக வந்தவர்கள் திங்கட்கிழமைக்குக் காத்திருக்கிறார்கள் அல்லவா?

என் மனதை விட்டுப் போகாதது 2014இல் வந்த இன்னொரு இங்கிலாந்து ஆய்வு. 103 பக்கவாத வார்டுகள், 56,000க்கும் மேற்பட்ட நோயாளிகள். வார இறுதியில் நிபுணர் தினமும் ரவுண்ட்ஸ் வரும் வார்டுக்கும் அப்படி வராத வார்டுக்கும் இறப்பில் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. நர்ஸ் எண்ணிக்கையில் இருந்தது. வார இறுதியில் பத்துக் கட்டிலுக்கு மூன்று நர்ஸ் இருந்த இடங்களில் 30 நாளுக்குள் இறப்பு 100க்குப் பதினொன்று அளவு, ஒன்றரை நர்ஸ் இருந்த இடங்களில் பதினைந்து அளவு. இது பார்த்துக் கணக்கெடுத்த ஆய்வுதான், நர்ஸ் குறைவு மட்டுமே காரணம் என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது.

ஆனாலும் எனக்கு அது ஆச்சரியமாக இல்லை. நான் இருந்த ஒரு வார்டில் ஞாயிறு இரவு 28 கட்டிலுக்கு இரண்டு பேர் நின்றிருக்கிறோம். ஒருத்தி மருந்து வண்டியோடு போனால் இன்னொருத்தி வாந்தி எடுப்பவரைப் பிடித்துக்கொண்டிருப்பாள், மூலையில் உள்ளவருடைய பேச்சு மெல்லக் குழறத் தொடங்கியதை யார் பார்ப்பது? காய்ச்சல் ஏறுவதை, சர்க்கரை இறங்குவதை, தூக்கமா மயக்கமா என்பதை, கட்டில் பக்கத்தில் நிற்பவர்தான் முதலில் பார்க்க முடியும். "லீவு நாளில் பெரிய டாக்டர் இல்லை" என்று எல்லாரும் பேசுகிறோம். லீவு நாளில் எத்தனை நர்ஸ் என்று யாரும் கேட்பதில்லை. அதைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அப்ப எல்லா ஆஸ்பத்திரியிலயும் ஏழு நாளும் முழு டீமையும் வைக்க வேண்டியதுதானே?

அத்தனை இடத்துக்கும் ஆள் எங்கே? ஒரு இடத்தில் 24 மணி நேரமும் ஒரு நிபுணர் கிடைக்க வேண்டுமானால் ஒருவர் போதாது, முறை மாற்றிக்கொள்ள ஐந்தாறு பேராவது வேண்டும், நர்ஸ், ஸ்கேன் எடுப்பவர், பிசியோ எல்லாருக்கும் அதே கணக்கு. லண்டனில் 2010இல் இதற்கு ஒரு வழி கண்டார்கள். எல்லா மருத்துவமனையிலும் அரைகுறையாக வைப்பதை விட்டுவிட்டு, எட்டு இடங்களில் மட்டும் ஏழு நாளும் முழு வசதியோடு வைத்து, ஆம்புலன்ஸ்கள் பக்கத்து ஆஸ்பத்திரியைத் தாண்டி நேராக அந்த எட்டில் ஒன்றுக்குப் போகும்படி மாற்றினார்கள். இறப்பு குறைந்தது.

நம்மிடம் லண்டன் அளவு பணமோ ஆளோ இல்லை, ஆனால் தீவுக்கு ஒன்று, பெருநிலத்துக்கு ஒன்று என்று உறுதியாக ஏழு நாளும் முழுதாக வைத்துவிட்டு, மற்ற இடங்களிலிருந்து நேராக அங்கே கொண்டுவருவது என்பது செய்யக்கூடிய காரியமாகத்தான் எனக்குத் தெரிகிறது. பக்கத்து ஆஸ்பத்திரியை ஏன் தாண்டிப் போகிறீர்கள் என்று ஆம்புலன்ஸ் ஓட்டுநரிடம் நாம் சண்டை போடாமல் இருந்தாலே அதற்குப் பாதி உதவி.

ஊசி போட கையெழுத்து கேக்கறாங்க. ரத்தக் கசிவு வரலாமாம். அண்ணன் சிங்கப்பூர்ல இருக்காரு, வரட்டும்னு சொல்லட்டுமா?

இதுதான் என்னிடம் வந்த கேள்விகளிலேயே கஷ்டமானது. பயம் நியாயமானது: 1995 ஆய்வில் ஊசி போட்ட 100 பேரில் ஆறு பேர் அளவுக்கு மூளைக்குள் கசிவு வந்து மோசமானார்கள், போடாதவர்களில் ஒருவருக்கும் குறைவு. ஆனால் அந்த ஆறு பேரையும் சேர்த்துக் கணக்குப் போட்ட பிறகும் ஊனமில்லாமல் எழுந்தவர்கள் ஊசி போட்ட பக்கம்தான் அதிகம். நான் நான்காவது பதிலில் சொன்ன பத்துப் பேர் அப்படி வந்த கணக்குதான்.

அண்ணன் விமானம் ஏறி வருவதற்குள் நேரம் முடிந்துவிடும். வீடியோ அழைப்பில் டாக்டரையே அவரிடம் இரண்டு நிமிஷம் பேசச் சொல்லுங்கள். எல்லா அண்ணன் தம்பியும் சேர்ந்து முடிவெடுப்பது நம் வீட்டு வழக்கம், அதை நான் மதிக்கிறேன், ஆனால் இந்த ஒரு மணி நேரத்தில் பக்கத்தில் நிற்பவர்தான் முடிவெடுக்க வேண்டும், மற்றவர்கள் பிறகு அவரைக் குறை சொல்லக்கூடாது. அப்பா நினைவோடு இருந்தால் முதலில் அவரையே கேளுங்கள். சில சமயம் டாக்டரே மறுத்துவிடுவார்: ரத்தத்தை இளக்கும் மருந்து சாப்பிடுபவர், சமீபத்தில் அறுவை செய்தவர், பிரஷர் 185க்கு 110ஐத் தாண்டி இறங்காமல் நிற்பவர். அதனால் சாப்பிடும் மாத்திரைகளை அட்டையோடு எடுத்துப் போங்கள். "அந்த வெள்ளை மாத்திரை" என்றால் யாருக்கும் தெரியாது.

வெள்ளிக்கிழமை சாயந்திரம் வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. திங்கக்கிழமை வரைக்கும் யாரைக் கேக்கறது?

வார்டை விட்டு இறங்குவதற்கு முன் கேட்டால் இந்தக் கேள்வியே வராது. என்ன பதத்தில் சாப்பாடு, கஞ்சியா குழைந்த சோறா? தண்ணீரில் கெட்டியாக்கும் பொடி போட வேண்டுமா, அது கையில் இருக்கிறதா? மாத்திரை திங்கட்கிழமை வரை போதுமா? பிசியோ தேதி எது? ராத்திரி ஏதாவது ஆனால் வார்டு நம்பருக்கு அழைக்கலாமா? காகிதத்தில் எழுதி வாங்குங்கள். மறுவாழ்வுப் பயிற்சிக்கு, தானே பக்கவாதத்திலிருந்து மீண்ட ஜேனட் இயோ 1996இல் தொடங்கிய நாசாம் என்ற தேசியப் பக்கவாதச் சங்கத்துக்குப் பினாங்கிலும் மையம் இருக்கிறது, திங்கட்கிழமை முதல் போன் அங்கே போகட்டும்.

வீட்டில் அந்த இரண்டு நாளில் வாய் மறுபடி கோணினாலோ, சாப்பிடும்போது இருமி மூச்சு முட்டினாலோ, எழுப்ப முடியாத தூக்கம் வந்தாலோ, இப்போதுதானே வந்தோம் என்று கூச்சப்படாதீர்கள். 999ஐ அழைத்து அதே மூன்று விஷயத்தைச் சொல்லுங்கள்.